கண்ணில்லாக் கெளுத்தியைத் தேட வலையின் கண்ணிலிருந்து தொடங்குங்கள்: ஒகேனக்கல் பக்கத்து ஆர்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமேசான் ஆற்றுப் படுகையின் கீழ்ப்பகுதியில், ஆழமான நீரோட்டப் பாதைகளின் அடித்தளத்தில், மைக்ரோமைசான் அகாமாய் என்னும் கெளுத்தி வாழ்கிறது. முழுமையாக வளர்ந்த மீனின் நீளமே ஏறத்தாழ 15 மில்லிமீட்டர்தான். மூன்று துவரம்பருப்பை வரிசையாக வைத்தால் அந்த நீளம் வந்துவிடும். அதற்குக் கண் கிடையாது. ஜான் ஃப்ரீல், ஜான் லண்ட்பெர்க் என்னும் இரு மீனியல் அறிஞர்கள் 1996இல் இதற்கெனப் புதிய பேரினத்தையே ஏற்படுத்தி உலகுக்கு அறிவித்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, ஒரினோகோ ஆற்றிலிருந்து கிடைத்த அதன் உறவினத்துக்கு மைக்ரோமைசான் ஒரினோகோ என்று பெயரிட்டார்கள். அந்த இரண்டாவது மீனின் எலும்புகளை ஆராய்வதற்கு அதை அறுக்கவில்லை. மருத்துவமனையில் நமக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனின் மிக நுண்ணிய வடிவத்தையே பயன்படுத்தினார்கள்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்த மீனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கல்லூரி மாணவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: நம் காவிரியின் மடுக்களிலும் இப்படி ஏதாவது இருக்குமா? மைக்ரோமைசான் தென் அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய பேரினம் என்பதால் அது இங்கே கிடைக்காது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க உதவிய ஒழுங்கு இங்கேயும் பயன்படும். வலையிலிருந்து பெரிய மீனைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கரையில் உதறித் தள்ளும் குப்பையைத்தான் நாம் பார்க்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. மற்றவை எல்லாம் அந்தக் குப்பையிலிருந்து கிடைப்பதைக் கெடுக்காமல் காப்பாற்றும் முறைகளே.

முதலில் இருட்டைத் தேடுங்கள்

ஒரு மீனினம் தலைமுறை தலைமுறையாகக் கண்ணை இழக்க வேண்டுமானால், அது வாழும் இடம் ஆண்டு முழுவதும் இருட்டாக இருக்க வேண்டும். கண்ணும், கண் அனுப்புவதைப் புரிந்துகொள்ளும் மூளைப்பகுதியும் உணவை நிறையச் செலவழிக்கும் உறுப்புகள். மெக்சிகோவின் குகை மீன்களை வைத்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, பார்வைக்கு ஆகும் செலவு ஓய்வுநிலை ஆற்றலில் மீனின் அளவைப் பொறுத்து 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும் என்று கணக்கிட்டது. பயனில்லாத இடத்தில் அந்தச் செலவு வீண். அமேசானில் இருட்டைத் தருவது குகை அன்று. ஆண்டிஸ் மலையிலிருந்து வண்டல் சுமந்து வரும் கலங்கல் நீரில் வெளிச்சம் சில மீட்டருக்குள் அற்றுவிடுகிறது. ஒபிதோஸ் என்னுமிடத்தில் அந்த ஆறு சுமார் 60 மீட்டர் ஆழம் ஓடுகிறது. கடலில் சேரும் இடத்தில் அதன் சராசரி நீர்வரத்து வினாடிக்கு சுமார் 2 லட்சம் கனமீட்டர், அதாவது நம் கணக்கில் 70 லட்சம் கனஅடி. ஒகேனக்கலில் 2 லட்சம் கனஅடி வந்தாலே ஐந்தருவி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மூழ்கிப்போகும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஆற்றின் அளவு விளங்கும்.

நம் காவிரி அப்படி இல்லை. வெள்ளக் காலத்தில் செந்நிறமாகப் புரண்டு வந்தாலும், கோடையில் பாறைகளுக்கு நடுவே தேங்கும் மடுக்களில் நீர் ஓரளவு தெளிந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தேர்ந்தெடுத்த மடுவில் வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பது. வெள்ளை எனாமல் தட்டு ஒன்றில் துளையிட்டு, அடியில் ஈயக்குண்டு கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றில் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். அதே கயிற்றைக் கொண்டே மடுவின் ஆழத்தையும் அளந்துவிடலாம். பரிசல்காரர்கள் ஆழத்தை 'ரெண்டு ஆள்', 'மூணு ஆள்' என்று சொல்வார்கள். அவர்கள் சொல்லும் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்றாலும், குறிப்பேட்டில் மீட்டரையே எழுதுங்கள். இதை வெள்ளம் வடிந்த பிறகு ஒரு முறையும், கோடையில் ஒரு முறையும் செய்தால்தான் அந்த இடம் நிரந்தர இருட்டா, பருவகால இருட்டா என்று தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், ஆற்று மடுவைவிடக் கிணற்றுக்கே முதலிடம் தருவேன். இந்தியாவில் கண்ணில்லாக் கெளுத்தி என்றாலே கேரளத்தின் ஹோராக்லானிஸ் பேரினம்தான். முதல் இனமான ஹோராக்லானிஸ் கிருஷ்ணாய் 1950இல் அறிவிக்கப்பட்டது. நிலத்தடி நீரில் வாழும் இந்த மீன்கள் இரத்தம் வெளியே தெரியும்படி சிவந்த உடல் கொண்டவை. இவை வீட்டுக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பொதுமக்கள் கண்ணில் பட்டுத்தான் ஆய்வாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. 2023இல் அறிவிக்கப்பட்ட நான்காவது இனத்துக்கு அந்தப் பொதுமக்களின் நினைவாகவே ஹோராக்லானிஸ் பாப்புலி என்று பெயர் வைத்தார்கள். கேரளத்தில் இவை வாழ்வது துளைகள் நிறைந்த செம்புரைக் கல்லின் நீரில். நம் பக்கத்திலோ கெட்டிப் பாறையும் அதன் வெடிப்புகளும்தான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோடையில் பழைய கிணற்றைத் தூர் வாரும்போது, நீரை இறைத்து வெளியேற்றும் குழாயின் வாயில் ஒரு கொசுவலைப் பையைக் கட்டி வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. உடம்பு சிதையாமல் கிடைக்க வேண்டுமானால், நீர் முக்கால்வாசி வற்றிய பிறகு வாளியால் முகந்து வடிகட்டுவது இன்னும் நல்லது.

அனுமதியும் பாதுகாப்பும்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போய்விடாதீர்கள். காவிரிக்கரைக் காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு ஆகிய வனவிலங்கு சரணாலயங்களுக்குள் வருகிறது; தெற்குச் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அவற்றின் எல்லைக்குள் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த உயிரையும் பிடிக்கக் கூடாது. எல்லைக்கு வெளியேயும் நீங்களாக வலை வீசாமல், உரிமம் பெற்ற மீனவர்களுடன் சேர்ந்துகொள்வதே முறை. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து செய்திகளில் நாள்தோறும் வரும். அது ஏறுமுகமாக இருந்தால் அன்று ஆற்றுப் பக்கமே போகாதீர்கள். பரிசலுக்குத் தடை போட்டிருக்கும் நாளில் பாறையில் நின்று பார்க்கலாம் என்று கிளம்புவதும் ஆபத்துதான், ஏனெனில் அந்தப் பாறைகள் வழுக்கும். மடுக்களில் முதலையும் உண்டு.

வலைக்குப்பையை அலசும் முறை

வலைக்குக் கண் பெரிதாக இருந்தால் 15 மில்லிமீட்டர் மீன் அதில் நிற்காது. மீனவர்கள் பயன்படுத்தும் செவுள் வலையின் கண்ணுக்குள் கட்டை விரலே நுழையும். ஆனாலும் வலையோடு சேர்ந்து வரும் இலைச்சருகு, பாசி, வேர்க்கட்டை, நத்தை ஓடு ஆகியவற்றுக்குள் சிறு உயிர்கள் ஒடுங்கிக்கொண்டு மேலே வந்துவிடும். ஊட்டமலையிலோ நாகமரையிலோ அதிகாலையில் வலை கரையேறும்போது, பெரிய மீன்களைக் கழற்றி முடிக்கும்வரை குறுக்கே போகாமல் காத்திருந்து, பிறகு அந்தச் சருகை ஒரு வாளியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருவார்கள். முதல் நாள் சிரிப்பார்கள். நான்காவது நாள் அவர்களே தனியாக எடுத்து வைத்திருப்பார்கள்.

வாளியில் ஆற்றுநீரையே ஊற்றுங்கள். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பேசினில் இரண்டு விரல் ஆழத்துக்கு நீர் விட்டு, ஒரு கைப்பிடிச் சருகை மட்டும் அதில் போட்டு, கையால் கலக்காமல், பேசினின் ஒரு ஓரத்தை மெல்லத் தூக்கி இறக்குங்கள். நீர் ஒரு பக்கம் போய்த் திரும்பும்போது சருகு கொஞ்சம் தாமதமாகத் திரும்பும். உயிருள்ளது எதிர்த்திசையில் நெளியும். அந்த நெளிவைத்தான் பார்க்க வேண்டும். கலங்கல் அடங்கும்வரை ஐந்து நிமிடம் விட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், இறால் குஞ்சு, தும்பிப் பூச்சியின் இளம்பருவம், அட்டை என்று வரிசையாகத் தெரியத் தொடங்கும். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் நீரின் பளபளப்பு கண்ணை மறைத்துவிடும். சிறு மீனைக் கையால் எடுக்காமல் தேக்கரண்டியில் நீரோடு முகந்தெடுங்கள். கெளுத்தி வகையின் பக்கத் துடுப்பு முள் சிறியதானாலும் குத்தும். தேளி குத்தினால் கடுப்பு மணிக்கணக்கில் நிற்கும். குத்துப்பட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருங்கள். வலி தணியாவிட்டாலோ வீக்கம் கூடினாலோ மருத்துவரிடம் போங்கள்.

வலை மட்டுமே வழி என்று நினைக்கவும் வேண்டாம். ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில், 1976இல் அறிவிக்கப்பட்ட லாம்ப்ரோலோகஸ் லெத்தோப்ஸ் என்னும் பார்வையற்ற வெளிறிய மீன், ஆழத்திலிருந்து வேகமான நீரோட்டத்தால் மேலே தள்ளப்பட்டு, தோலுக்கடியில் காற்றுக்குமிழிகள் வெடித்துக் கிளம்பிய நிலையில் சாகக் கிடந்துதான் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. ஆகவே வெள்ளம் வடிந்து, தடை நீங்கி, கரைக்குப் போக வழி திறந்த பிறகு, ஒதுங்கிய நுரையிலும் பாறை இடுக்குக் குட்டைகளிலும் வெளிறிய சிறு மீன் ஏதேனும் கிடக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையிலேயே கண் இல்லையா?

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். நானும் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். எனவே இதில் நேரம் செலவிடுங்கள்.

முதலில் அது கெளுத்திதானா என்று பாருங்கள். செதில் இருக்கக் கூடாது. வாயைச் சுற்றி மீசை இருக்க வேண்டும். அயிரையின் சிறு குஞ்சுக்கும் மீசை உண்டு என்பதால் மீசையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அடுத்து முதுகின் பின்பகுதியில், வாலுக்கு முன்னால், முள்ளும் கதிரும் இல்லாத சதைத் துடுப்பு ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டுக் கெளுத்திகள் பலவற்றுக்கு இந்தக் கொழுப்புத் துடுப்பு உண்டு, தேளிக்குக் கிடையாது. மைக்ரோமைசான் சேர்ந்திருக்கும் பேஞ்சோ கெளுத்திக் குடும்பத்துக்கும் கிடையாது. அந்தக் குடும்பத்து மீனின் தலையும் முன்னுடலும் தட்டையாக அகன்று, வால்பகுதி மெலிந்து நீண்டிருக்கும். பேஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியைப் போன்ற அந்த வடிவத்தால்தான் அப்பெயர். தோல் சொரசொரப்பாகவும் மரு வரிசைகளோடும் இருக்கும்.

இனி கண்ணுக்கு வருவோம். சாதாரணக் கெளுத்திக் குஞ்சு 15 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கும்போது, தலையின் இருபுறமும் கறுத்த புள்ளியாகக் கண் தெளிவாகத் தெரியும். குஞ்சின் உடம்பு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலையில் இருந்தாலும் அந்தக் கறுப்பு மட்டும் மறையாது. ஆகவே இந்த அளவில் கறுப்புப் புள்ளியே இல்லாத மீன் கிடைத்தால் அது கவனத்துக்குரியது. ஆனால் உடனே முடிவுக்கு வராமல், நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு நான்கு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, கண் தோலுக்கு அடியில் மறைந்திருக்கலாம். பாறையில் ஒட்டி வாழும் கெளுத்தி வகைகளுக்குக் கண் மிகச் சிறியதாகத் தலையின் மேற்பக்கம் இருக்கும், பக்கவாட்டில் தேடினால் அகப்படாது. இரண்டு, மீன் வெளிறிப் பிறந்த ஒன்றாக இருக்கலாம். அதற்குக் கண்ணில் கறுப்பு நிறமி இராது, ஆனால் உருண்டையான விழிவில்லை இருக்கும், டார்ச்சைச் சாய்த்தால் பளிச்சிடும். மூன்று, கண் இருந்து பறிபோயிருக்கலாம். செத்துக் கிடந்த மீனின் கண்ணைத்தான் நண்டும் பூச்சியும் முதலில் தின்னும். அப்படிப் போயிருந்தால் ஓரம் கிழிந்த குழி தெரியும். பிறவியிலேயே கண் இல்லாத மீனில் அந்த இடம் சுற்றியுள்ள தோலைப் போலவே வழவழப்பாகவோ மரு நிறைந்ததாகவோ தொடர்ச்சியாக இருக்கும். நான்காவது ஐயம் நேர்மாறானது. ஒளி ஊடுருவும் தலைக்குள் தெரியும் இரண்டு வெள்ளைப் புள்ளிகளைக் கண் என்று நினைத்து, கண்ணில்லா மீனையே ஆற்றில் விட்டுவிடக் கூடும். அவை உட்செவியின் சுண்ணாம்புக் கற்கள். கண் இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால், மூளையின் இருபுறமும் அமைந்திருக்கும். இவ்வளவையும் மீனின் இரு பக்கத்திலும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கண் இல்லாதது காயமே தவிர இனமன்று.

படமும் பதப்படுத்தலும்

உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள், ஏனெனில் இறந்த சில நிமிடங்களில் நிறம் மாறிவிடும். சிறு கண்ணாடித் தொட்டியில் நீர் விட்டு, பின்னால் வரைபடத்தாளை ஒட்டி, இரு பக்கம், மேற்புறம், அடிப்புறம், வாய் ஆகியவற்றைத் தனித்தனியே எடுங்கள். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரை அளக்க வேண்டும். வால் துடுப்பைச் சேர்க்கக் கூடாது, அது எளிதில் ஒடிந்துவிடும் என்பதால் அறிஞர்கள் சேர்ப்பதில்லை.

இரண்டு மூன்று மீன்கள் கிடைத்து, அனுமதியும் இருந்தால் மட்டுமே மாதிரி எடுங்கள். உயிருள்ள மீனை நேராக ஃபார்மலினில் போடுவது கொடுமை. உடம்பும் முறுக்கிக்கொண்டு அளக்க முடியாமல் போகும். கிராம்பு எண்ணெயைச் சில துளி சாராயத்தில் கலந்து நீரில் விட்டால் மீன் மயங்கிச் சாயும். செவுள் அசைவு நின்று பத்து நிமிடம் கழித்து வெளியே எடுங்கள். மரபணு ஆய்வுக்கு ஒரு மீனை முழுதாக, நீர் கலவாத எத்தனாலில் போடுங்கள். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றால் வலப்பக்கத் துடுப்பில் சிறு துண்டு மட்டும் வெட்டி எத்தனாலில் வையுங்கள். இடப்பக்கத்தைத் தொடாமல் விடுவது மீனியலின் மரபு. இதை ஃபார்மலினுக்கு முன்பே செய்ய வேண்டும், ஏனெனில் ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும். மற்ற மீனை, கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு சேர்த்த கரைசலில் நிமிர்த்தி வைத்து, இரண்டு நாள் கழித்து நீரில் பலமுறை அலசி, 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றுங்கள். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், ஆற்றிலிருந்து தள்ளி நின்று கலக்குங்கள்.

அடுத்து, அடையாளச் சீட்டு. சில ஆண்டுகளுக்கு முன் மூன்று புட்டிகளில் சின்னாற்று மீன்களைச் சேர்த்து வைத்தேன். ஊர், தேதி, ஆழம் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி உள்ளே போட்டேன். ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தபோது எத்தனால் லேசான நீல நிறமாக இருந்தது. சீட்டுகள் மூன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தன. எந்த மீன் எந்த இடத்தது என்று இன்றுவரை தெரியாது. இடம் தெரியாத மீன் ஆய்வுக்கு உதவாது. எனவே பென்சிலால், கெட்டியான தாளில் எழுதி, புட்டிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டும் சீட்டு உரிந்துவிடும். செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, மடுவின் ஆழம், தட்டு மறைந்த ஆழம், நீரின் வெப்பம், வலையின் கண் அளவு, நேரம், மீனவர்கள் அந்த இடத்துக்கும் மீனுக்கும் சொல்லும் பெயர் ஆகிய எட்டும் அதில் இருக்க வேண்டும்.

யாரிடம் ஒப்படைப்பது

வீட்டு அலமாரியில் வைத்திருக்கும் மாதிரி, பிடிக்காத மீனுக்குச் சமம். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் உண்டு. முதலில் படங்களை மட்டும் அனுப்பி, அவர்கள் கேட்ட பிறகு புட்டியை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கூரியரில் எத்தனால் அனுப்பப் பார்க்காதீர்கள். வெளிநாட்டு ஆய்வாளர் யாராவது மின்னஞ்சலில் மாதிரி கேட்டால், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்று பணிவாகப் பதில் எழுதுங்கள். ஒப்படைத்த இடத்தில் புட்டிக்குப் பதிவு எண் தருவார்கள். அந்த எண்ணைக் குறிப்பேட்டில் அந்த நாளுக்குரிய பக்கத்திலேயே, மறுபடியும் பென்சிலால், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாளிச் சருகைக் கொடுத்த மீனவரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.